ஃப்ரிட்ஜில் ஒட்டியதை எடுத்துவிடுங்கள்

வணக்கம் அக்கா,

சனிக்கிழமை கைப்பேசியில் ஒரு படம் காட்டினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க ஃப்ரேசல் வெர்ப் பட்டியல், அதாவது வினையோடு ஆஃப், அப் மாதிரி சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள், ஏ முதல் இசட் வரை 300. உங்கள் மகன், நம் தம்பி, தினம் பத்து மனப்பாடம் செய்தும் இரண்டே வாரத்தில் எல்லாம் குழம்பிவிட்டது என்றீர்கள். குழம்பாமல் இருந்தால்தான் அதிசயம். புட் ஆஃப், புட் அவுட், புட் அப், புட் அப் வித், புட் டவுன். ஒரே முகச்சாடையில் ஐந்து அண்ணன் தம்பிகளை வரிசையாக நிறுத்திவைத்துப் பெயர் கேட்டால் நமக்கே தடுமாறும்.

முதலில் பட்டியலை எடுத்துவிடுங்கள்.

இந்த வித்தை தம்பிக்குப் புதிதே இல்லை. தேர்வைத் 'தள்ளிப்போட்டார்கள்' என்று வீட்டில் சொல்கிறோம். யாரும் எதையும் தள்ளவில்லை, எங்கேயும் போடவும் இல்லை. ஆனாலும் அவனுக்குப் புரிகிறது. அதுதான் புட் ஆஃப். 'கைவிடு' என்பதில் கையைத் தேட மாட்டான். அது கிவ் அப். கண்டுபிடி என்றால் ஃபைண்ட் அவுட், பார்த்துக்கொள் என்றால் லுக் ஆஃப்டர், பொறுத்துக்கொள் என்றால் புட் அப் வித். இரண்டு மூன்று சொல் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டது, அவ்வளவுதான். நோட்டில் ஆங்கில விளக்கத்தை எழுத வேண்டாம். அந்த இடத்தில் அம்மா என்ன சொல்வார் என்று யோசித்து அந்தத் தமிழ் வினையை எழுதச் சொல்லுங்கள். உயர்நிலை 3 படிக்கிற பையனுக்கு அகராதியைவிட உங்கள் பேச்சுதான் காதில் நிற்கும்.

நம் சிங்கப்பூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் லைட்டை ஆஃப் பண்ணு, ஃபேனை ஆன் பண்ணு என்கிறோம். பள்ளியில் கூட்டாளிகளோடு சிங்கிலிஷில், அதாவது இங்கத்திய பேச்சு ஆங்கிலத்தில், 'ஆஃப் த லைட்' என்கிறான். இரண்டு பக்கமும் 'டர்ன்' காணாமல் போகிறது. கட்டுரையிலும் அப்படியே விட்டுவிடுகிறான். சிங்கிலிஷ் பேசாதே என்று தடை போடாதீர்கள், பலிக்காது. எழுதும்போது டர்ன் ஆஃப், டர்ன் ஆன் என்று வந்தால் போதும். இதற்கு நேர்மாறானது இந்தியாவிலிருந்து நாம் கொண்டுவந்த 'கோப் அப் வித்'. அதில் 'அப்' கிடையாது, சமாளிப்பது என்றால் கோப் வித் மட்டும்தான்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'நான் 98இல் பாஸ் அவுட்' என்று அன்று சொன்னீர்கள். பட்டம் வாங்கியதைத்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. இங்கே பலர் காதில் மயங்கி விழுந்தேன் என்றுதான் விழும். ஆனால் தேசிய சேவையில் (இளைஞர்களுக்கான கட்டாயப் படைச் சேவை) அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் நடக்கும் பிஓபி, அதாவது பாஸிங் அவுட் பரேட் அணிவகுப்பில் இருப்பதும் இதே பாஸ் அவுட்தான். அங்கே யாரும் மயங்கவில்லை, வெயில் அதிகமானால் தவிர! தம்பிக்கு நர்சிங் படிக்க ஆசை என்பதால் இதைச் சொல்கிறேன். நோயாளி பாஸ் அவுட் ஆனார் என்றால் மயங்கிவிட்டார். பாஸ் அவே என்றால் காலமாகிவிட்டார். வார்டில் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் 300 வேண்டாம் என்கிறேன். அவன் போகப்போகும் வேலையிலிருந்து தொடங்கட்டும். த்ரோ அப் என்றால் வாந்தி எடுப்பது, கம் ரவுண்ட் என்றால் மயக்கம் தெளிவது. ஹேண்ட் ஓவர் என்பது ஷிப்ட் முடியும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது. படிவத்தை ஃபில் இன் செய்வதும் நோயாளியின் நிலையை ஃபாலோ அப் செய்வதும் தினமும் வரும். வாரத்துக்கு ஐந்து போதும், ஒவ்வொன்றுக்கும் அவனே சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். டேக் ஆஃப் மாதிரி பல பொருள் உள்ளவற்றுக்கு மட்டும் தனித்தனி வாக்கியம்: காலணியைக் கழற்றுவது ஒன்று, சாங்கியிலிருந்து விமானம் கிளம்புவது இன்னொன்று.

இலக்கணத்தில் ஒரே ஒரு விதி சொல்கிறேன், ஆங்கிலத் தேர்வில் பிழை திருத்தும் எடிட்டிங் பகுதிக்கும் உதவும். பிக் அப் த பேக், பிக் த பேக் அப், இரண்டுமே சரி. ஆனால் பைக்குப் பதில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: பிக் இட் அப். 'பிக் அப் இட்' தவறு. லுக் ஆஃப்டர் மாதிரி சில சொற்களைப் பிரிக்கவே முடியாது. லுக் ஆஃப்டர் ஹிம் என்றுதான் வரும். எது பிரியும், எது பிரியாது என்பதை அவன் எழுதும் வாக்கியங்களே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், பாலிடெக்னிக்கில் நர்சிங்குக்கு ஈஏஇ (தேர்வு முடிவுக்கு முன்பே இடம் கேட்கும் முன்சேர்க்கை) வழியாக விண்ணப்பித்தால் நேர்முகம் இருக்கும். அங்கே யாரும் ஃப்ரேசல் வெர்ப் சோதனை வைக்க மாட்டார்கள். ஆனால் கேள்வியே அந்தப் பாணியில் வரலாம். ஒரு கஷ்டமான ஆளை எப்படி டீல் வித் செய்தாய், நண்பர்களோடு எப்படி கெட் அலாங் ஆகிறாய் என்பார்கள். பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறான் என்று சொன்னீர்கள் அல்லவா? அதையே ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பினால் அடுத்த சனிக்கிழமைக்குள் கேட்டுவிடுகிறேன்.