மின்சாரம் இல்லாத இடத்துக்கு எந்தக் கேமரா?

கேள்வி: மூன்று வாரம் மலைப்பகுதியில் நடைப்பயணம் செல்ல இருக்கிறேன். பெரும்பாலான நாட்களில் மின்சாரம் கிடைக்காது. என்னிடம் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்று இருக்கிறது. அண்மையில் பழைய நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா ஒன்றும் வாங்கினேன். இன்னும் ஒரு ரோல்கூட எடுத்துப் பார்க்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் டிஜிட்டல் வெறும் சுமைதான், ஃபிலிம் கேமராவையே கொண்டு போ என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: பாதி சரி. 1982-இல் வெளிவந்த எஃப்எம்2, ஷட்டர் (ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் திரை) முழுவதும் இயந்திர விசையால் இயங்கும் கேமரா. அதிலுள்ள பொத்தான் பேட்டரிகள் ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே தேவை என்பதால், அவை தீர்ந்த பிறகும் 1/4000 நொடி வரை எல்லா வேகங்களிலும் படம் எடுக்கலாம். இந்தப் பெருமை எல்லா ஃபிலிம் கேமராக்களுக்கும் உரியதல்ல. பிற்காலத்தில் வந்த ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமராக்கள் பேட்டரி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காதவை.

மின்சாரக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்த்தால் நண்பரின் அச்சம் பாதியாகக் குறைந்துவிடும். மிரர்லெஸ் கேமராவின் பேட்டரி ஒன்று பொதுவாக 300 முதல் 600 படங்கள் வரை தாங்கும். எடை ஏறத்தாழ 80 கிராம். நாளொன்றுக்கு ஒரு ரோல் என்று கொண்டால், மூன்று வாரத்துக்கு 36 படங்கள் கொண்ட 21 ரோல்கள், அதாவது 756 படங்கள். அதே எண்ணிக்கையை மூன்று நான்கு பேட்டரிகளில் எடுத்துவிடலாம். பையின் கனமும் ஃபிலிமைவிடக் குறையும். எடுத்த படத்தைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு முறையும் கேமராவை அணைத்து வைத்தால் இன்னும் நீண்ட நாள் வரும். சூரிய ஒளித் தகடுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மேகம் கவிந்த பள்ளத்தாக்கில், நடந்துகொண்டே இருப்பவருக்கு அவை தருவது சொற்பம்.

குளிரில் லித்தியம் பேட்டரி சட்டென்று தளர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அது தீர்ந்துபோனதாக எண்ணித் தூக்கிப் போட வேண்டாம். உடலை ஒட்டிய உள்சட்டைப் பையில் சிறிது நேரம் வைத்திருந்தால் சூடேறி, இழந்த திறனில் பெரும்பகுதியை மீண்டும் தரும். கடுங்குளிரில் ஃபிலிமும் சுகமாக இருப்பதில்லை: விறைத்து, வேகமாகச் சுற்றினால் ஓரத்திலுள்ள பல்துளை கிழியும், உராய்வில் எழும் மின்பொறி படத்தில் கிளைகிளையான கோடுகளைப் பதித்துவிடும்.

எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. டிஜிட்டல் கேமரா கெட்டால் அன்று மாலையே தெரியும்; ஃபிலிம் கேமரா கெட்டால் ஊர் திரும்பி, ரோலைக் கழுவிய பிறகுதான் தெரியும். ஃபிலிமின் முனை சுருளில் சரியாகப் பிடிக்காமல் நழுவினால், எண்காட்டி ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும், ஷட்டர் சத்தமும் கேட்கும், உள்ளே ஒரு படமும் பதிந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஃபிலிமைப் பொருத்தி மூடியதும், மேலே இடப்பக்கமுள்ள ரீவைண்ட் குமிழை மெல்லத் திருப்பித் தளர்வை நீக்குங்கள். பிறகு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபிலிம் நகரவில்லை. பழைய கேமராக்களில் பின்மூடியின் ஓரத்திலுள்ள கறுப்புப் பஞ்சு மக்கிப் பிசுபிசுத்து ஒளியை உள்ளே விடுவதும் வழக்கம்.

ஆகவே டிஜிட்டலையே முதன்மையாகக் கொள்ளுங்கள். பயணத்துக்கு முன் இரண்டு ரோல்களாவது எடுத்துக் கழுவிப் பார்த்து, குறையில்லை என்று உறுதியானால், எஃப்எம்2-ஐத் துணைக் கேமராவாக நாலைந்து ரோல்களுடன் சேர்த்துக்கொள்ளலாம். சோதிக்க நேரமில்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: விமான நிலைய எக்ஸ்ரே சோதனை ஃபிலிமைப் பாழாக்குமா?

பதில்: சரக்கோடு ஏற்றும் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள்; அங்கே கதிர்வீச்சு மிகுதி. கைப்பைகளுக்கான பழைய வகைக் கருவிகளில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) 400 வரையிலான ஃபிலிம் சில முறை சென்று வந்தாலும் கெடுவதில்லை. இப்போது பரவிவரும், மருத்துவமனை சிடி ஸ்கேன் போலப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் கருவி ஒரே முறையில் ஃபிலிமைப் புகை மூட்டியது போல் ஆக்கிவிடும். ரோல்களைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் தனியாக வைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். உபரி பேட்டரிகளும் கைப்பையிலேயே வர வேண்டும்.

கேள்வி: இரவு வானத்தைப் படம் பிடிக்க?

பதில்: யோசிக்கவே வேண்டாம், டிஜிட்டல். நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும்போது, ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: மெமரி கார்டு அழிந்தால் எல்லாம் போய்விடும், ஃபிலிம் அப்படியல்ல என்கிறார்களே?

பதில்: 1897-இல் சுவீடன் நாட்டு ஆய்வுப்பயணி ஆந்த்ரேயும் இரு தோழர்களும் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு, ஆர்க்டிக் தீவொன்றில் மாண்டனர். 1930-இல் அவர்களுடைய ஃபிலிம் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டபோது, 240 படங்களில் 93 மீட்கப்பட்டன. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த ஃபிலிமில் இத்தனை தேறியது வியப்புத்தான். ஃபிலிம் பிரியர்கள் இதைச் சொல்லிப் பூரிப்பதில் தவறில்லை. ஆனால் மீதி 147 படங்களுக்கு வேறு பிரதி எங்கும் இருக்கவில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில், எடுத்து முடித்துக் கழுவாமல் வைத்த ஃபிலிம் இன்னும் விரைவாக நிறம் திரியும்.

டிஜிட்டலில் பிரதி எடுப்பது எளிது. இரண்டு கார்டு இடங்கள் உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே படம் பதியுமாறு அமைத்துவிடுங்கள். நிறைந்த கார்டுகளில் ஒன்று உங்களிடமும் மற்றொன்று உடன்வருபவரின் பையிலும் இருக்கட்டும். வீடு திரும்பி வேறொரு வட்டில் நகலெடுக்கும்வரை எதையும் அழிக்காதீர்கள்.