அடுப்பும் கீபோர்டும்: வாசகர் கேள்விகள்

டர்பனில் ஓர் உணவு வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்பதால், சமையல் கேள்விகள் எனக்கு வருவது நியாயம். கணினிக் கேள்விகள் ஏன் வருகின்றன என்று தெரியவில்லை. வந்ததற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

டர்பனில் அம்மா வீட்டில் சீக்கிரம் வெந்துவிடும் ஷுகர் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் பயறு), இங்கே இரண்டு மணி நேரமானாலும் கல் மாதிரி கிடக்கிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறாரா?
– வாசகி, ஜோஹன்னஸ்பர்க்

இருக்கலாம். ஆனால் அவரோடு சண்டைக்குப் போகும் முன், ஊரின் உயரத்தைப் பாருங்கள். அம்மா கடல் மட்டத்தில் இருக்கிறார். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நீங்கள் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். காற்றழுத்தம் குறைவு, 94 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. பிரஷர் குக்கர் ஒன்றுதான் வழி. அதில் 115 டிகிரியைத் தாண்டிவிடும்.

இரவே ஊறவையுங்கள். புளியும் தக்காளியும் பீன்ஸ் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் தோல் இளகாது. சோடா உப்பு போட்டால் குழையும், நிஜம்தான். ஆனால் தயமின் (வைட்டமின் பி1) சத்து போகும், அதிகமானால் சோப்பு வாடையும் வரும். எனக்குப் பிடிக்காது.

ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த இனப் பீன்ஸில், முக்கியமாகச் சிவப்பு பீன்ஸில், லெக்டின் என்ற நச்சுப் புரதம் உண்டு. ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு நிச்சயம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே அதில் மாற்றுங்கள்.

சமைத்துக்கொண்டே மின்னஞ்சல் பார்ப்பேன். வெள்ளைக் கீபோர்டெல்லாம் மஞ்சள் கறை. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சிவந்துபோகிறது!
– ஃபீனிக்ஸ் வாசகர்

ஆரத்தி கரைத்துப் பார்த்ததில்லையா, ஐயா? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிற அதே சங்கதிதான். சுண்ணாம்பைப் போலவே சோப்பிலும் காரத்தன்மை இருக்கிறது. மஞ்சளின் நிறம் குர்குமினால் வருவது. அது தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். மருந்துக்கடையில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, பஞ்சில் நனைத்து, பிழிந்துவிட்டுத் துடையுங்கள். முதலில் கீபோர்டின் வயரைக் கழற்றுங்கள். எழுத்து அழிகிறதா என்று ஓரத்து விசை ஒன்றில் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சக் கறை வெயிலில் வெளுக்கும், ஜன்னலோரம் வைத்தால் போதும். லேப்டாப்பை மட்டும் வெயிலில் காயப்போட்டுவிடாதீர்கள், சூடு பேட்டரிக்கு ஆகாது.

எங்கள் கோயிலின் பழைய காவடி மலரைக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கெடவில்லை. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியவைக்கும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்ததாக இருக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார்த்தி வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் ஆங்கிலம் வெளியே தெரியும். ‘தமிழ்’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாமினியேதான். இணையத்தில் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்பைத் தொடாமல், நகலில் செய்யுங்கள். மாற்றிய பின் கொம்பும் காலும் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒரு பெரியவரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலை இரண்டு முறை பார்க்க வேண்டும். எதில் பிழை வந்தாலும் மன்னிப்பார்கள், அதில் மாட்டார்கள்.

லோட் ஷெடிங் மின்வெட்டின்போது எதையெல்லாம் கழற்றி வைப்பது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

கணினி, ஃபிரிட்ஜ் இரண்டையும். மின்சாரம் திரும்பும் வேகத்தில்தான் ஆபத்து. வந்து சில நிமிடம் கழித்துச் செருகுங்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.