மணி ஒலிக்காத நேரம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை அப்படியே நகலெடுத்து அனுப்பி, "இது உண்மையா ஐயா?" என்று கேட்பவை. வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தகவல் எந்த நூலில் இருக்கிறது, அந்த நூலுக்கு என்ன வயது, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். மீதி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பச்சைக் குழந்தைகளைக் கொன்ற ஏரோது, முப்பது வருடம் கழித்து இயேசுவை எப்படி விசாரித்தான்? அதன்பின் அப்போஸ்தலன் யாக்கோபையும் எப்படிக் கொன்றான்? வேதம் முரண்படுகிறதே!!

பதில்: இரண்டு ஆச்சரியக்குறி போட்ட நேரத்தில் வேத அகராதியில் 'ஏரோது' என்ற சொல்லைப் புரட்டியிருக்கலாம். பெத்லகேம் குழந்தைகள் கதையில் வருபவன் பெரிய ஏரோது, கி.மு. 4-இல் செத்துப்போனான். இயேசுவைப் பரிகசித்துப் பிலாத்துவிடம் திருப்பி அனுப்பியவன் அவனுடைய மகன் அந்திப்பா. யாக்கோபைப் பட்டயத்தால் கொன்று, கி.பி. 44-இல் செசரியாவில் புழுப்புழுத்து இறந்தவன் பேரன் முதலாம் அகிரிப்பா. பவுலின் வாதத்தைக் கேட்டவன் கொள்ளுப்பேரன் இரண்டாம் அகிரிப்பா. அந்திப்பாவுக்கு ரோமர் ராஜா பட்டம் கொடுக்கவே இல்லை. பழைய தமிழ் வேதாகமம் அவனைக் 'காற்பங்கு தேசாதிபதி' என்று சரியாகவே சொல்கிறது. அந்தக் 'காற்பங்கு' என்ற சொல்லைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்.

கேள்வி: இயேசு பிறந்தது கி.பி. 1-ஆம் ஆண்டுதானே?

பதில்: இல்லை. மத்தேயுவின்படி பெரிய ஏரோது உயிரோடிருக்கும்போதே பிறந்துவிட்டார், ஆகவே கி.மு. 4-க்கு முன். இன்றைய ஆண்டுக் கணக்கு கி.பி. 525 வாக்கில் தியோனீசியு என்ற துறவி போட்டது. அவர் சில ஆண்டுகள் பிசகிவிட்டார், அவ்வளவுதான். இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும், சிரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்புக் கணக்கை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் கி.பி. 6-இல் வைக்கிறார். நடுவே ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளி. அதை அடைக்கச் சொல்லப்படும் சமாதானங்கள் எதுவும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

கேள்வி: மத்தேயு 18-ஆம் அதிகார உவமையில் வேலைக்காரன் ராஜாவிடம் பட்ட கடனான பதினாயிரம் தாலந்து இன்றைய ரூபாயில் எவ்வளவு?

பதில்: ரூபாயில் கேட்காதீர்கள், நாட்கூலியில் கேளுங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்ட உவமையில் 'நாளொன்றுக்கு ஒரு பணம்' என்று வருகிறதே, அதுதான். ஆகப் பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் வருடம். பெரிய ஏரோதின் மூன்று மகன்களுக்கும் தேசத்திலிருந்து கிடைத்த ஆண்டு வருமானம் யோசேப்புஸ் கணக்கில் மொத்தம் 900 தாலந்துதான். கிரேக்கத்தில் தனிப் பெயருள்ள மிகப் பெரிய எண் பதினாயிரம். பணத்தில் மிகப் பெரிய அளவு தாலந்து. இரண்டையும் சேர்த்து வைத்தார் இயேசு. அந்த வேலைக்காரனிடம் உடன்வேலைக்காரன் பட்டிருந்த கடனோ நூறு நாள் கூலி. கேட்டவர்கள் முதலில் சிரித்திருப்பார்கள்.

கேள்வி: பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டியிருப்பார்கள், அங்கியின் மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று வெளியிலிருந்து இழுப்பார்கள் என்று எங்கள் போதகர் சொன்னார். இது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

பதில்: எந்த அதிகாரத்திலும் இல்லை. சிறுவயதில் ஒரு கூட்டத்தில் இதை நடித்தே காட்டினார்கள். மேடையில் ஒரு வாலிபனின் காலில் கிணற்றுத் தாம்புக்கயிற்றைக் கட்டி, ஒருவர் கைமணியை ஆட்ட, மணி நின்றதும் நான்கு பேர் அவனைத் தரதரவென்று இழுத்தார்கள். வேட்டி அவிழ்ந்தது. கூட்டமே அழுதது, நானும் அழுதேன். பிற்பாடு தேடிப் பார்த்தால் கயிறும் இல்லை, மணியும் இல்லை.

மணியை முதலில் பாருங்கள். பொன்மணியும் மாதளம்பழமும் தொங்கும் நீல அங்கி யாத்திராகமம் 28-இல் வருகிறது. 'அவன் சாகாதபடிக்கு' என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. கதை பிறந்த இடம் அதுதான். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அவன் உடுத்த வேண்டியது என்ன? லேவியராகமம் 16:4. சணல்நூல் சட்டை, சணல்நூல் இடைக்கச்சை, சணல்நூல் பாகை. மணி வைத்த அங்கி அப்போது அவன் மேல் இருக்காது. எந்த நேரத்தில் மணி ஒலிக்காதோ அந்த நேரத்தில் மணிச்சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள் என்று பிரசங்கம் செய்கிறோம்.

இனிக் கயிறு. யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'யோமா' என்ற பகுதி முழுக்க அந்த நாளின் ஒழுங்குதான். அவனுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் பணி செய்ய இன்னொரு ஆசாரியனை ஆயத்தமாக வைப்பதுகூட எழுதியிருக்கிறது. உள்ளே தூபம் போட்டு வெளியே வந்ததும், ஜனங்கள் கலங்காதபடிக்கு ஜெபத்தைச் சுருக்கமாகச் செய்வான். எல்லாம் முடிந்து சுகமாக வெளியே வந்தால் நண்பர்களுக்கு விருந்து வைப்பான். ஆக, பயம் இருந்தது உண்மைதான். கயிறு என்ற பேச்சுதான் இல்லை. மிஷ்னாவின் பெரும்பான்மைக் கருத்துப்படி மகா பரிசுத்த ஸ்தலத்தின் முன்னால், நடுவே ஒரு முழ இடைவெளி விட்டு இரண்டு திரைகள். வெளித்திரை தெற்கு ஓரத்திலும் உள்திரை வடக்கு ஓரத்திலும் விலக்கப்பட்டிருக்கும். அவன் தெற்கே நுழைந்து, இரு திரைகளுக்கும் நடுவே வடக்கு நோக்கி நடந்து, மறுபடி திரும்பித்தான் உள்ளே போக முடியும். அந்த இரண்டு திருப்பத்திலும் ஒரு பிணத்தைக் கயிறு கட்டி இழுத்துப் பாருங்கள், திரையும் சேர்ந்து வரும். தவிர, அன்று ஒருமுறை போய்விட்டு வருவதில்லை. தூபத்தோடு, காளையின் இரத்தத்தோடு, வெள்ளாட்டின் இரத்தத்தோடு, கடைசியில் தூபகலசத்தை எடுக்க என்று நான்கு முறை.

பிறகு எங்கிருந்து வந்தது? சோகார் என்ற யூத மறைஞான நூலில் இருக்கிறது. அது ஸ்பெயினில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்ட நூல். ஆலயம் இடிந்தது கி.பி. 70-இல். நடுவே ஏறக்குறைய 1,200 வருடம்! மிஷ்னாவே கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. ஆலயம் இடிந்து ஏறக்குறைய நூற்றுமுப்பது ஆண்டு ஆகியிருக்கும். அதையே நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். நூலின் வயதைக் கேளுங்கள், நூலின் வயதைக் கேளுங்கள். எபிரெயர் 9-ஆம் அதிகாரம் சொல்வதற்கு இந்தக் கயிறு தேவையே இல்லை, திரையே போதும். உங்கள் போதகரிடம் லேவியராகமம் 16:4-ஐ மரியாதையாகக் காட்டுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: யூதர்கள் தங்கள் வேதத்திலிருந்து ஏசாயா 53-ஐ நீக்கிவிட்டார்களாமே?

பதில்: பச்சைப் பொய். எந்த எபிரெய வேதாகமத்தைத் திறந்தாலும் இருக்கிறது. ஜெப ஆலயத்தில் ஓய்வுநாள்தோறும் வாசிக்கும் தீர்க்கதரிசனப் பகுதிகளின் வரிசையில் அது இல்லை. அந்த வரிசையில் இல்லாத அதிகாரங்கள் ஏராளம். சவக்கடல் ஓரம் கும்ரானில் 1947-இல் கிடைத்த ஏசாயா சுருள் ஏழு மீட்டருக்கு மேல் நீளம், கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. 53 அதிலும் முழுதாக இருக்கிறது.

கேள்வி: 'இரட்சகர்', 'சுவிசேஷம்' இரண்டும் கிறிஸ்தவர்கள் உண்டாக்கிய சொற்களா?

பதில்: இல்லை அம்மா. ஆசியா மைனரில் பிரியேனே என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு கி.மு. 9-ஐச் சேர்ந்தது. அகுஸ்துராயனின் பிறந்தநாளையே அந்த மாகாணத்தின் புத்தாண்டாக வைக்க முடிவு செய்த ஆணை அது. அதில் அவன் இரட்சகன். அந்தத் தேவனுடைய பிறந்தநாள் உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம். இப்போது லூக்கா 2-ஐ எடுங்கள். முதல் வசனத்தில் அகுஸ்துராயன் பெயர். பத்தே வசனத்துக்குள் மேய்ப்பர்களுக்கு 'நற்செய்தி', 'இரட்சகர்'. லூக்காவின் முதல் வாசகர்களுக்கு அது சாதாரண வாழ்த்துச் செய்தியாகக் கேட்டிருக்காது.

கேள்வி: மீட்பு என்பது அடகு நகையை மீட்பது போலவா?

பதில்: கிரேக்கச் சொல்லுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும், விலை கொடுத்து அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிப்பது. எபிரெயத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: 'கோயேல்'. கைவிட்டுப்போன நிலத்தையும் விலைப்பட்டுப்போன உறவினனையும் மீட்கக் கடமைப்பட்ட நெருங்கிய சொந்தக்காரன். ரூத் போவாசைப் பார்த்து 'நீர் சுதந்தரவாளி' என்கிறாள். யோபு 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்கிறான். தமிழில் இரண்டு சொல், மூலத்தில் ஒன்றே. அடகுக்கடையைவிடத் தாய்மாமனை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பக்கத்தில் வருவீர்கள்.

கேள்வி: பொந்தியு பிலாத்து இருந்ததற்கு வேதத்துக்கு வெளியே ஆதாரம் உண்டா?

பதில்: யோசேப்புஸ், யூதத் தத்துவஞானி ஃபைலோ, ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் மூவரும் எழுதியிருக்கிறார்கள். கல்லும் இருக்கிறது. 1961-இல் செசரியா நாடக அரங்கில், பிற்காலத்தில் படிக்கல்லாகப் போட்டிருந்த ஒரு பலகைக்கல்லில் அவன் பெயரும் யூதேயாவின் 'பிரிஃபெக்டஸ்' என்ற பதவியும். டாசிட்டஸ் கொடுத்த பதவிப் பெயர் தவறு, கல்தான் சரி. எழுத்தாளனைவிடப் படிக்கல் நம்பகமானது.

கேள்வி: இயேசுவைக் கொன்றது யூதர்கள்தானே? ஆம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லவும்.

பதில்: இல்லை. சிலுவை ரோமத் தண்டனை, தீர்ப்பு ரோம அதிகாரியுடையது, தலைக்கு மேல் தொங்கிய குற்றச்சாட்டு 'யூதருடைய ராஜா' என்ற ராஜதுரோகம். ஆலயத் தலைமையில் சிலருக்குப் பங்கு இருந்ததைச் சுவிசேஷங்கள் மறைக்கவில்லை. அதை ஓர் இனம் முழுவதின்மேல் ஏற்றுவது வேறு. கத்தோலிக்கத் திருச்சபை இதை 1965-இல் சங்கம் கூட்டியே அறிவித்துவிட்டது. ஒரு வரி கேட்டீர்கள், இதை ஒரு வரியில் சொன்னவர்களால்தான் இத்தனை இரத்தம் சிந்தியது.

கேள்வி: ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் நுழைவது எளிது என்று இயேசு சொன்ன 'ஊசியின் காது' என்பது எருசலேமில் இருந்த குட்டி வாசலாம், ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டு நுழையுமாம். சரிதானே?

பதில்: அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு அக்காலத்து எழுத்தும் இல்லை, தோண்டியெடுத்த கல்லும் இல்லை. ஊசி என்றால் ஊசி, ஒட்டகம் என்றால் ஒட்டகம். யூத ரபிகளின் நூலான பாபிலோன் தல்முத்தில் ஊசியின் காதில் யானையே நுழைகிறது. அந்த யானைக்கு எந்த வாசல் என்று உங்களுக்குச் சொன்னவரிடம் கேட்டு எனக்கு எழுதவும்.