பதில்: ஐநா–ஆப்பிரிக்க ஒன்றியத் தரவில் இரண்டு பேரின் குறியீடு ஒத்துவரவில்லை

ஆப்பிரிக்காவுக்கு அமைதிப் படை அனுப்பிய தீர்மானங்களை அட்டவணையாகக் குறிக்கும்போது, ஒரே தீர்மானங்களைப் படித்தும் "யார் முடிவெடுத்தது" என்ற பத்தியில் (column) நீங்களும் உங்கள் இணை ஆய்வாளரும் வேறு வேறு விடை எழுதுவதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பத்தியில்தான் கோளாறு. சோமாலியாவைப் பாருங்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதி பாதுகாப்பு அவை படை அனுப்ப முடிவெடுத்தது 2007 ஜனவரி 19. ஐநா பாதுகாப்பு அவை 1744-ஆம் தீர்மானத்தில் அதிகாரமளித்தது பிப்ரவரி 20. இரண்டும் சரிதான். ஆகவே "முதல் முடிவு", "அதிகாரமளிப்பு" என இரண்டு தேதிப் பத்திகளாகப் பிரியுங்கள்.

பலர் சறுக்குவது தீர்மானத்தின் வினைச்சொல்லில். "கவனத்தில் கொள்கிறது", "வரவேற்கிறது" என்பவை அதிகாரமளிப்பு ஆகா. தீர்மானத்தின் முகவுரையையும், முடிவுகளைச் சொல்லும் செயற்பத்திகளையும் தனித்தனியே குறியுங்கள். லைபீரியாவில் மேற்கு ஆப்பிரிக்கப் படை 1990-லேயே இறங்கிவிட்டது. அதைப் பாராட்டிய 788-ஆம் தீர்மானம் வந்ததோ 1992-இல். அந்தப் பாராட்டை முன் அனுமதியாகக் குறித்தால் வட்டார அமைப்புகளின் கட்டாய நடவடிக்கைக்குப் பாதுகாப்பு அவையின் அனுமதி வேண்டும் என்னும் ஐநா சாசனத்தின் 53-ஆம் பிரிவு பற்றிய உங்கள் வாதமே கவிழ்ந்துவிடும்.

ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளின் செலவு பற்றிய 2719-ஆம் தீர்மானத்தையும் (2023) "நிதி வழங்கியது" என்று போடாதீர்கள். அது செலவில் 75 சதவீதம் வரை ஐநா ஏற்பதை, ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தனித்தனியே பரிசீலிக்க வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

திருத்திய பிறகு 20 ஆவணங்களை ஒருவர் குறியை மற்றவர் பார்க்காமல் குறித்து, கோஹன் காப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து ஒப்புமையை அளக்கும் எண்) கணக்கிடுங்கள். வெறும் ஒப்புமைச் சதவீதம் ஏமாற்றும். காப்பா 0.7-க்குக் கீழே வந்தால் குறிக்கும் விதியைத் திருத்துங்கள், பேசிச் சமாளிக்காதீர்கள்.