செராமைடு கிரீம் தோலுக்கு உண்மையில் என்ன செய்கிறது?

முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, செராமைடு கிரீம் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உதவும்.

முகத்தோலின் மேலடுக்கு ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. அதில் தட்டையான இறந்த செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் இருக்கின்றன. இடுக்குகளை அடைக்கும் சாந்துதான் கொழுப்பு. அந்தக் கொழுப்பின் எடையில் ஏறக்குறைய 50% செராமைடு. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். மூன்றும் சேர்ந்து ஏடு ஏடாகப் படிவதால்தான் உள்ளே இருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாவதில்லை, வெளியிலிருந்து எரிச்சலூட்டும் பொருள்களும் எளிதில் உள்ளே போவதில்லை.

காட்டமான சோப்பும் சுடுநீரும் இந்தச் சாந்தைக் கரைத்துக்கொண்டு போகும். வயது ஏற ஏறச் செராமைடு குறையும். எக்ஸிமா என்னும் அரிப்புள்ள தோல் அழற்சி உள்ளவர்களுக்கு அது முதலிலேயே குறைவு.

சாந்தில் மூன்றும் சேர்ந்திருப்பதால், கிரீமில் செராமைடு மட்டும் இருந்தால் போதாது என்பேன். கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் கலந்த கிரீமாகப் பாருங்கள். லேபிளில் ‘செராமைடு என்பி’, ‘ஏபி’, ‘ஈஓபி’ என்றெல்லாம் இருக்கும். எல்லாம் செராமைடின் வகைகளே. முகத்தை ஒற்றியெடுத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். அப்புறம், சில வாரங்களாவது பொறுங்கள். தோல் வெடித்து நீர் கசிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.