சொகுசுக் கப்பலின் 'கிராஸ் டன்னேஜ்' எடையா?

'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலைச் சுற்றிக் காட்டும் வீடியோக்களில் 2,48,663 டன் என்கிறார்களே, அது அதன் எடையா என்பது கேள்வி. இல்லை. 'கிராஸ் டன்னேஜ்' என்பது கப்பலுக்குள் மூடிய இடம் மொத்தம் எவ்வளவு என்பதன் அளவு.

எங்கள் குன்னூர் பக்கம் ஒரே அளவுச் சாக்கில் தேயிலைக் கொழுந்தும் நிரப்புவார்கள், உருளைக்கிழங்கும் நிரப்புவார்கள். தூக்கினால் இரண்டும் ஒன்றா? சாக்கின் கொள்ளளவு மட்டும் மாறாது, டன்னேஜ் சொல்வது அதைத்தான்.

ஏன் இப்படி ஒரு கணக்கு? எரிபொருளும் பயணிகளும் ஏறி இறங்க எடை மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் இடம் மாறாது, அதனால் துறைமுகக் கட்டணம், பாதுகாப்பு விதிகள் எல்லாம் பெரும்பாலும் இதை வைத்துத்தான். 20 தளங்களில் அறைகள், தியேட்டர், பனிச்சறுக்குத் தளம் என்று அடுக்கியிருப்பதால்தான் எண் இவ்வளவு பெரிசு. அழகான விஷயம் என்னவென்றால், எல்லோரும் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கிற, வானம் பார்த்த நீச்சல் குளம் இதில் பெரும்பாலும் சேராது.

அப்புறம், டன்னேஜ் அதிகமானால் கப்பல் அந்த அளவுக்கு ஆழமாக அமிழும் என்று நினைக்க வேண்டாம்: இந்தக் கப்பல் தண்ணீருக்குள் இருப்பது சுமார் 9 மீட்டர்தான்.