பீரோ கதவில் ஒட்டிய விமானம்

மணப்பாறையிலிருந்து வந்துபோன அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை நீங்கள் என் ஆலோசனை அறையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் பாதி நேரம் பீரோவைப் பற்றித்தான் பேசினோம். ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் பீரோவின் உள்கதவு முழுக்கப் படம் ஒட்டி வைத்திருக்கிறாள். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கக் கோடு, கையில் சக்கரப் பெட்டி, பின்னால் ஒரு பெரிய விமானம். முகம் இருக்கும் இடத்தில் தன்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டி ஒட்டியிருக்கிறாள். அது போதாதென்று ஒரு நோட்டில் காலையில் 3 முறை, மத்தியானம் 6 முறை, ராத்திரி 9 முறை ‘நான் பைலட் ஆகிவிட்டேன், பிரபஞ்சத்துக்கு நன்றி’ என்று எழுதுகிறாள். காலாண்டில் இயற்பியல் 49. கடையை மூடிவிட்டு வந்த அவள் அப்பா கோபத்தில் படத்தைக் கிழிக்கப் போக, இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. “கிழிச்சிடட்டுமா சார், விட்டுடட்டுமா?” என்று கேட்டீர்கள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், பாதியில் விட்டுவிட்டேன். மீதியை எழுதுகிறேன்.

கிழிக்க வேண்டாம். கனவில் ஒரு குறையும் இல்லை. ஒட்டியிருக்கும் படம்தான் தப்பு. என்ன படம் ஒட்டுவது என்று கடைசிவரை படித்தால் தெரியும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நானே ஒரு காலத்தில் பள்ளி பள்ளியாகப் போய் இந்தப் படம் ஒட்டும் வேலையைச் செய்தவன். பழைய பத்திரிகை, கத்தரிக்கோல், பசை, சார்ட் பேப்பர். பிள்ளைகள் முகம் மலரும், ஆசிரியர்கள் கைதட்டுவார்கள், எனக்கும் சாயங்காலம் மனசு நிறைந்திருக்கும். ஒரு பையன் தன் பெயரோடு ‘மாவட்ட ஆட்சியர்’ என்று பலகையே எழுதி மேசையில் வைத்துக்கொண்டான். சில வருஷம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது பலகை அப்படியே இருந்தது, பக்கத்தில் அரசியலமைப்புப் புத்தகம் முதுகு மடங்காமல் புதுசாக இருந்தது. அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவன் சோம்பேறி இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

கேப்ரியேலே எட்டிங்கன் என்று ஓர் உளவியல் பேராசிரியர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். டோரிஸ் மேயரோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடித்து வேலை தேடிய ஜெர்மன் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். ‘எனக்கு வேலை கிடைக்கும்’ என்று நம்பியவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் கிடைத்துவிட்டது போலவே இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவான விண்ணப்பங்களே போட்டார்கள், அவர்களுக்கு வந்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. பின்னால் 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில் இப்படிக் கனவு காண்பவர்களின் ரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்தார்கள். அது இறங்குகிறது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த மாதிரி உடம்பு தளர்ந்துவிடுகிறது, இலையே இன்னும் போடவில்லை என்றாலும்.

உங்கள் மகள் ஒரு நாளைக்கு 18 தடவை ‘ஆகிவிட்டேன்’ என்று எழுதுகிறாள். ஆகிவிட்டவளுக்கு இயற்பியல் எதற்கு?

அதற்காக மனசில் படம் போட்டுப் பார்ப்பதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் லீன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. தேர்வுக்கு முந்தைய நாட்களில் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரை, நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வது போல் தினமும் சில நிமிஷம் நினைக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கிறோம் என்று நினைக்கச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டம்தான் சீக்கிரம் படிக்க உட்கார்ந்தது, மதிப்பெண்ணும் அதிகம் வாங்கியது. ஊர் போய்ச் சேர்ந்ததை நினைப்பது வேறு, பஸ் ஏறுவதை நினைப்பது வேறு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மகள் போக நினைக்கும் தொழிலிலேயே இந்தப் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதற்கு ‘சேர் ஃப்ளையிங்’ என்று பெயர், நாற்காலியில் உட்கார்ந்தே பறப்பது. பயிற்சி விமானத்தில் ஒரு மணி நேரம் பறக்கப் பத்தாயிரத்துக்குக் குறையாமல் ஆகும். அதனால் முந்தின நாள் ராத்திரியே அறையில் காக்பிட் (விமானி உட்காரும் அறை) படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார்கள். வலது கை, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இருக்கும் இடத்துக்கு நீளும், இடது கை காற்றில் கண்ட்ரோலைப் பிடித்திருக்கும். வாய் செக்லிஸ்டை வரிசையாகச் சொல்லும். எந்த வேகத்தில் விமானத்தின் மூக்கைத் தூக்குவது, எந்த உயரத்தில் திரும்புவது, டவரிடம் என்ன சொல்வது, எல்லாம் சத்தமாக. விடுதியில் பக்கத்து அறைக்காரன் முதல் நாள் பயந்துபோவான், மறு வாரம் அவனும் செய்வான். இதில் யாரும் சீருடையில் நடந்துபோவதைக் கற்பனை செய்வதில்லை. கையும் வாயும் செய்யவேண்டியதை மட்டுமே செய்து பார்க்கிறார்கள்.

இன்னொன்று. ஓடுபாதையில் கிளம்பும் முன் விமானி ஒரு முறை சொல்லிக்கொள்வது வழக்கம்: ‘ஓடும்போதே என்ஜினில் கோளாறு தெரிந்தால் த்ராட்டிலை மூடி, பிரேக் பிடித்து நிற்பேன். எழும்பிய உடனே என்ஜின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி எதிரே தெரியும் வெட்டவெளியில் இறக்குவேன், ரன்வேக்குத் திரும்ப முயல மாட்டேன்.’ நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமாகப் பேசுகிறார்களே என்று நமக்குத் தோன்றும். வானத்தில் அந்த நொடி வந்தால் யோசிக்க நேரமிருக்காது, முன்பே முடிவெடுத்து வைத்திருந்தால்தான் கை தானாக வேலை செய்யும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஆய்வாளர் படிப்பு, உடற்பயிற்சி, மருந்து சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் இதே முறையைத்தான் சொல்கிறார்: ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்.’ வெறுமனே ‘இனிமேல் நன்றாகப் படிப்பேன்’ என்று உறுதி எடுப்பதைவிட இது வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஆகவே 369 நோட்டைப் பிடுங்காதீர்கள். அதே நோட்டில் ராத்திரி ஒன்பது வரிக்குப் பதில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இன்றைக்கு எது தடுத்தது, நாளைக்கு அது வந்தால் என்ன செய்வேன். நீங்கள் சொன்ன வீட்டு நிலவரத்தை வைத்து நானே எழுதிப் பார்த்தேன்: ‘ஏழரைக்குத் தம்பி டி.வி. போட்டால், இயற்பியல் நோட்டோடு மாடிக்குப் போவேன். ஒரு கணக்கில் பத்து நிமிஷத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால், அதைச் சுழித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன், சுழித்ததைக் காலையில் மிஸ்ஸிடம் கேட்பேன்.’ அவளே எழுதினால் இதைவிட நன்றாக இருக்கும். டி.வி. விஷயத்தில் நீங்களும் கொஞ்சம் ஒத்துழைக்கவேண்டி வரலாம்!

சரி, அந்த 49. வினாத்தாளைக் காட்டினீர்கள் அல்லவா, ஒரு மதிப்பெண் கேள்விகளில் அவள் தவறவில்லை. வெக்டாரும் சார்பு வேகமும் வந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறாள். ஆற்றில் படகு குறுக்கே போகிறது, தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது, படகின் திசை என்ன என்ற கணக்கு. அது பாடப்புத்தகக் கணக்கு மட்டும் இல்லை. படகை விமானம் என்றும் தண்ணீரைக் காற்று என்றும் மாற்றினால், சி.பி.எல். என்னும் வணிக விமானி உரிமத் தேர்வில் வரும் ஏர் நேவிகேஷன் (வானில் வழி கணிப்பது) தாளின் அடிப்படை அதுதான். 60 கடல் மைல் தூரம் போகும்போது திசை ஒரு டிகிரி தவறினால் ஒரு கடல் மைல் தள்ளிப் போயிருப்போம் என்று விமானிகள் மனக்கணக்காகப் போடுவார்களே, அதுவும் அவள் படிக்கும் முக்கோணவியல்தான். இதை நான் சொன்னால் அறிவுரை ஆகிவிடும். அவளே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்.

திருச்சி விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பு தினமும் பலமுறை வெளியாகிறது, ‘மெட்டார்’ என்பார்கள். போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். முதல் பார்வைக்கு ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி இருக்கும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளவேண்டும். அடுத்து காற்று எந்தத் திசையிலிருந்து, எத்தனை நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில். அடுத்து எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எவ்வளவு உயரத்தில், வெப்பம் எத்தனை. திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது, ஒரு முனைக்கு 09, மறுமுனைக்கு 27; அங்கிருந்து கிளம்பினால் போகும் திசை, 90 டிகிரி கிழக்கு, 270 டிகிரி மேற்கு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அப்படியானால் இப்போதைய வடகிழக்குக் காற்றில் எந்த முனையிலிருந்து கிளம்புவார்கள், ஆனி ஆடிக் காற்றில் எந்த முனையிலிருந்து? காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் குறிப்பைப் படித்து, நோட்டில் தமிழில் ஒரு வரியாக எழுதட்டும். தை வரைக்கும் விடாமல் செய்தால் இந்தப் பெண்ணுக்கு விமானம் பிடிக்கிறதா, சீருடை மட்டும் பிடிக்கிறதா என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சலித்துப்போனால் அதையும் நல்ல சேதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து பைசா செலவில்லாமல் தெரிந்தது.

குகேஷ் கதையை அவள் சொல்வதாகச் சொன்னீர்கள். உண்மைதான், சின்னப் பையனாக இருந்தபோதே உலகின் மிக இளைய செஸ் சாம்பியன் ஆவேன் என்று கேமரா முன்னால் சொன்னார், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் ஆனார். நடுவில் 2019-இல் உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையை வெறும் 17 நாள் வித்தியாசத்தில் தவறவிட்டதையும் அவளிடம் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் உதவி இல்லாமல் சொந்தமாக யோசித்துப் பழகட்டும் என்று அவருடைய பயிற்சியாளர் வருஷக்கணக்கில் வைத்திருந்ததையும் சொல்லுங்கள். யூடியூப்காரர்கள் அந்த முதல் வீடியோவை மட்டும்தான் போடுகிறார்கள்.

இனி அவள் அப்பாவுக்கு. ‘பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று அவர் கேட்டதாகச் சொன்னீர்கள். பெண் விமானிகளின் விகிதத்தில் உலகச் சராசரியைவிட இந்தியா வெகுவாக முன்னால் இருக்கிறது, அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிடலாம். அவருடைய இன்னொரு கேள்வி, பணம் எங்கே என்பது. அது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. சி.பி.எல். வாங்க 18 வயது நிறையவேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும், எழுத்துத் தேர்வுகளில் ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுக்கவேண்டும், ரேடியோவில் பேசத் தனி உரிமம் வேண்டும். மொத்தத்தில் அரைக் கோடியைத் தொட்டு நிற்கும். அதற்கு மேல், ஒரு குறிப்பிட்ட ரக ஜெட் விமானத்தை ஓட்டும் டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம். உரிமம் வாங்கியும் வேலைக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வேலை கிடைத்தாலும் எடுத்த எடுப்பில் நான்கு கோடு கிடையாது, அது கேப்டனுக்கு. கல்விக் கடன் என்றால் ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். கடையை வைத்தா, வீட்டை வைத்தா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘வேலைக்கு நாங்கள் கேரண்டி’ என்று சொல்லும் ஏஜெண்டிடம் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். விமானப் பயிற்சிப் பள்ளி எதுவானாலும், விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு.

பணம் இல்லாமலும் ஒரு வாசல் உண்டு. முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்.டி.ஏ. தேர்வை யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. 2022 முதல் பெண்களும் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் சேர்ந்து படிக்கிறார்கள். ப்ளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், பயிற்சிச் செலவு அரசுடையது. ஆனால் அது ராணுவ வாழ்க்கை, கண்பார்வை விதிகளும் கடுமை. தெரிந்து போகவேண்டும். பட்டம் படித்துவிட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்குப் போகிற பாதையும் இருக்கிறது, இயற்பியலும் கணிதமும் எடுத்த பி.எஸ்சி. போதும். இதைப் பற்றி அவள் ப்ளஸ் டூ போன பிறகு பேசலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. அரையாண்டு விடுமுறையில் அவளை ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். புள்ளி புள்ளியாக வண்ணத்தில் எண் மறைந்திருக்கும் புத்தகம் ஒன்றை வைத்திருப்பார், நிறக்குறைபாடு உண்டா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கண்ணாடி போட்டிருப்பது சிவில் விமானத்தில் தடை இல்லை, சரிசெய்த பார்வை விதிக்குள் வந்தால் சரி. நிறம் பிரித்தறிவதுதான் முக்கியம். அதில் சிக்கல் தெரிந்தால் அடுத்த கட்டப் பரிசோதனைகள் உண்டு, அதற்குள் அழவேண்டாம். அது முடிந்ததும் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, அப்புறம் முதல் வகுப்பு. ஃபீஸ் கட்டிவிட்டு மருத்துவத்தில் தவறியவர் குடும்பத்தை என் அறையில் பார்த்திருக்கிறேன், அந்த முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

பீரோ கதவைப் பற்றிக் கேட்டீர்களே. சீருடைப் படம் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். நடுவில் ஒரு பயிற்சி விமானத்தின் காக்பிட் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒட்டச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் முடியும். ஒவ்வொரு கருவியின் கீழும் அது என்ன காட்டுகிறது என்று அவள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கட்டும். முடிந்தால் அவள் அப்பாவை ஒட்டச் சொல்லுங்கள், டேப் அவர் கடையிலேயே இருக்குமே.

பொங்கல் முடிந்து அடுத்த வாரம் வாருங்கள். இந்தமுறை அவளையும் கூட்டி வாருங்கள். அன்றைக்குக் காலை திருச்சியில் காற்று எந்தப் பக்கமிருந்து என்று அவளிடம் கேட்பேன்.